உயிர் இருந்தது, நகரவில்லை

தாலி கட்டக் குனிந்தவர் என் காதுக்குப் பக்கத்திலேயே இருமினார். ஹோமப் புகை என்று நினைத்தேன். மறுநாள் புகை இல்லை, இருமல் இருந்தது. ஒரு மாதம் கழித்தும் இருந்தது. "எத்தன நாளா இருக்குதுங்க இது?" என்று கேட்டேன். "எது?" என்றார். பிறந்ததிலிருந்து கூடவே இருப்பதால் மூக்கு, காது மாதிரி அதுவும் உடம்பில் ஒன்று என்று நினைத்திருக்கிறார் மனுஷன்.

என் பெயர் வசந்தி. பிறந்தது கிருஷ்ணகிரிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது ஓசூரில். கணவர் மாதேஷ் ஒரு கம்பெனியில் கிரைண்டிங் பிரிவில் (இரும்புப் பாகங்களைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் இடம்) வேலை பார்த்தார். எண்பதுகளில் எங்களுக்குக் குழந்தை ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். இதே வேதனையில் யாராவது இருந்தால் அவர்களுக்காக. மற்றவர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அவர் இருமலுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். கம்பெனியில் கேட்டால் இரும்புத் தூசு. வீட்டில் கேட்டால் ஓசூர் குளிர். டிபியாக இருக்குமோ என்று பயந்து சளியைப் பரிசோதித்தோம், இல்லை என்று வந்தது. காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் கொல்லைப்புறத்தில் நின்று சளியைக் காறித் துப்பிவிட்டுத்தான் காபி. மூக்கு எப்போதும் அடைத்தே இருக்கும். சாம்பார் தீய்ந்தால்கூட வாசம் தெரியாது, அது எனக்குச் சௌகரியம்.

அந்த இருமலுக்கும் குழந்தைக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

குழந்தை இல்லை என்றதும் எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். நானும் என் வயிற்றைத்தான் பார்த்தேன். கிருஷ்ணகிரியில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். பிறகு குழாய் பரிசோதனை (கர்ப்பப்பைக்குள் மருந்தைச் செலுத்தி, கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுப்பது). உயிர் போகிற வலி. வெளியே வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். கோயில் குளம், பச்சிலை, விரதம் எல்லாம் இதற்கு நடுவில் நடந்துகொண்டே இருந்தது. இத்தனைக்கும் ஒரு தடவைகூட அவரை யாரும் பரிசோதிக்கவில்லை. ஆண்பிள்ளைக்கு இருமலைத் தவிர என்ன கோளாறு இருக்கப் போகிறது!

என் மாமியார் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்து ஊட்டுகிறவர்தான். ஆனால் மனசு நொந்தால் ஒரே வார்த்தைதான் வரும். "அசல்ல எடுத்தது தப்பாப் போச்சு." அசல் என்றால் சொந்தத்துக்கு வெளியே. அந்த வீட்டில் பெண்கள் தாய்மாமனைக் கட்டுவதுதான் வழக்கம். மாமியாரே தன் தாய்மாமனைக் கட்டியவர். மாதேஷுக்கும் அப்படித்தான், கெலமங்கலத்தில் வாழ்க்கைப்பட்ட அவர் அக்கா முனியம்மாவின் மகள் மஞ்சுளாவைக் கட்டியிருக்க வேண்டும். அவருக்குக் கல்யாண வயது வந்தபோது மஞ்சுளா ரெண்டாம் வகுப்பு. அதனால் என்னைக் கட்டினார்கள்.

இப்போது மஞ்சுளா பிளஸ் டூ முடித்துவிட்டாள்.

ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டே மாமியார் சொன்னார். "வர்ற தை வரைக்கும் பாப்பம். அப்பறம் மஞ்சுளாவ அவனுக்குக் கட்டி வெச்சிடலாம்னு இருக்கறன். நீ எங்கயும் போவ வேணாம். நீயும் இருந்துக்க, அவளும் இருக்கட்டும். ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி."

மஞ்சுளா என்னை அத்தை என்று கூப்பிடுகிறவள். லீவுக்கு வந்தால் நான்தான் தலை வாரிவிடுவேன். அவளுக்கு நான் அக்காவாம். நல்ல கூத்து!

கணவரிடம் சொன்னேன். "அம்மா ஏதோ பேசுது, உடு" என்றார். விடச் சொல்கிறவர் வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று எனக்கு வயிறெரிந்தது. அன்றைக்குத்தான் பிடிவாதமாக நின்றேன். "இத்தன வருசமா என்னைப் பாத்தாச்சு. இப்ப உங்களப் பாக்கட்டும். பெங்களூருக்கு வாங்க."

வந்தார். அங்கே ஒரு மருத்துவமனையில் விந்துப் பரிசோதனைக்குச் சீட்டு கொடுத்தார்கள். சிறிய சீசா ஒன்றைக் கையில் கொடுத்து ஒரு கழிப்பறையைக் காட்டினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார். முகம் சிவந்துபோயிருந்தது. "கதவுக்கு வெளிய நாலு பேரு நிக்கறாங்க வசந்தி. எப்பிடி?" எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. வீட்டிலேயே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர முடியுமானால் சரி என்றார் லேப்காரர். நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இங்கேதான் எல்லைக்காரர்களான நாங்கள் மட்டும் செய்யக்கூடிய முட்டாள்தனத்தைச் செய்தோம். ஓசூரில் வீட்டில் எடுத்து, சீசாவைக் கைக்குட்டையில் சுற்றி பனியனுக்குள் வைத்துக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினோம். மாநில எல்லையில், அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. பஸ் அசையவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பனியனைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தார். பக்கத்து சீட்டுக்காரர், "நெஞ்சு வலியா சார்?" என்று கேட்டார்.

ரிப்போர்ட்டில் அணுக்கள் நிறைய இருப்பதாகவும் நகர்கிறவை ஒன்றும் இல்லை என்றும் வந்தது. "செக்போஸ்ட்டுலயே செத்துப்போச்சு" என்றார் என் கணவர். அப்படித்தான் நானும் நம்பினேன்.

அடுத்த தடவை கார்த்திகையில், ஃபிரண்டிடம் மோட்டார் பைக் கேட்டு வாங்கி வந்தார். சூடு ஆறக்கூடாது என்று சீசாவை நான் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பனி முகத்தில் அறைந்தது. லாரிகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து ஓட்டினார், ஓட்டிக்கொண்டே இருமினார். பிள்ளையே பிறந்துவிட்ட மாதிரி அந்தச் சீசாவை நான் அணைத்துப் பிடித்திருந்தேன், சொல்வதற்கென்ன. ரிப்போர்ட் பழையபடிதான். "பனி" என்றார். இந்தத் தடவை என்னால் நம்ப முடியவில்லை.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பரிசோதனைக்கு மருத்துவமனையிலேயே கொடுங்கள். வெட்கம் ஒரு அரை மணி நேரம்தான். எங்கள் வெட்கம் எங்களுக்கு எத்தனையோ நாளைத் தின்றது.

மார்கழியில் மூன்றாவது பரிசோதனைக்குப் போனபோது வேறு டாக்டர், வயதானவர். கன்னடத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். பஸ் கதையையும் பைக் கதையையும் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருந்தார். அதற்காகவே அவரைக் கும்பிடலாம். மாடியில் ஒரு அறையைத் திறந்துவிட்டு, தாழ்ப்பாளையும் காட்டி, "மெதுவா வாங்க, அவசரம் இல்ல" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து என்னையும் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். வால் முளைத்த கடுகு மாதிரி நூற்றுக்கணக்கில் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை. கொடுத்துச் சில நிமிஷம்தான் ஆகிறது. பஸ்ஸும் இல்லை, பனியும் இல்லை.

"செத்துடுச்சுங்களா?" என்றார் கணவர்.

டாக்டர் அதில் ஒரு சாயம் விட்டார். செத்த அணு சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும், உயிருள்ளது உறிஞ்சாது என்று சொல்லிக் காட்டினார். பெரும்பாலானவை வெள்ளையாகவே இருந்தன. "சாகல. உயிர் இருக்குது. நகர மட்டும் முடியல" என்றார்.

"உயிர் இருக்குதுங்களா?" என்று என் கணவர் திரும்பவும் கேட்டார். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்போது அவருக்கு இருமல் வந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எஷ்டு வருஷதிந்த கெம்மு?" என்று கேட்டார். எத்தனை வருடமாக இருமல் என்கிறார். "பொறந்ததுலேர்ந்து சார்." டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து இடது நெஞ்சில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். நகர்த்தி நகர்த்தி வலது பக்கம் கொண்டுபோனார். அங்கே நிறுத்தி வெகுநேரம் கேட்டார்.

"உங்களுக்கு இதயம் வலது பக்கம் இருக்குதுன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லலையா?"

எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எல்லாம் இடம் மாறி இருந்தது. கணவருக்கு அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது மெடிக்கலுக்காக எக்ஸ்ரே எடுத்த ஆள், படத்தைப் பார்த்து, "தலகீழா மாட்டிட்டனா?" என்று முணுமுணுத்து, இப்படி அப்படித் திருப்பி வைத்துப் பார்த்து, கடைசியில் மறுபக்கமாகத் திருப்பியே டாக்டரிடம் கொடுத்தாராம். இதயம் இடது பக்கம் வந்துவிட்டது. ஃபிட் என்று கையெழுத்தும் விழுந்துவிட்டது.

கட்டிய மனைவி உனக்குக்கூடவா தெரியவில்லை என்று கேட்பீர்கள். அந்த நெஞ்சில் காதை வைத்தால் கேட்பதெல்லாம் சளியின் சத்தம்தான். அதற்குள் இதயம் எந்தப் பக்கம் அடித்தது என்று நான் எங்கே கண்டேன்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்முடிகள் இருக்கின்றன. நாற்றங்கால் காற்றில் ஆடுவதுபோல் அவை ஓயாமல் அசைந்து சளியை மேலே தள்ளுகின்றன. விந்தணுவின் வாலும் அதே அமைப்புதான். வாலை ஆட்டுவதற்கு உள்ளே சில நுண்ணிய பாகங்கள் வேண்டும். அவற்றைச் செய்யச் சொல்லும் மரபணுவில் (தாயும் தகப்பனும் பிள்ளைக்குக் கொடுக்கும் உடல் அமைப்புக் குறிப்பில்) பிழை இருந்தால் நுண்முடியும் ஆடாது, வாலும் ஆடாது. சளி தேங்கும், அணு கிடந்த இடத்திலேயே கிடக்கும். கருவில் உறுப்புகள் இடம் பார்த்து அமைவதற்கும் இந்த அசைவு வேண்டும். அது இல்லாததால் சிலருக்கு இதயம் வலது பக்கம் போய்விடுகிறது. இருமல், மூக்கடைப்பு, இதயம், பிள்ளை இல்லாதது, நாலுக்கும் ஒரே வேர்.

"உங்க அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்டார்.

"எங்கப்பா எங்கம்மாவுக்குத் தாய்மாமன் சார்."

ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி உண்டாம். ஒன்று தாய் கொடுப்பது, ஒன்று தகப்பன் கொடுப்பது. ஒன்றில் பிழை இருந்தால் மற்றது சமாளித்துக்கொள்ளும், வெளியே தெரியாது. இரண்டிலும் அதே பிழை இருந்தால்தான் நோய். சொந்தத்துக்குள் கட்டும்போது ஒரே முன்னோரின் பிழை இரண்டு வழியாகவும் வந்து சேர வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இது வரலாம் என்றார். "யார் மேலயும் தப்பு இல்ல. உங்க மேலயும் இல்ல, அவங்க மேலயும் இல்ல" என்று என்னைக் காட்டிச் சொன்னார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மரபணுவை மாற்ற மருந்து இல்லை. நெஞ்சைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்றார். தினமும் தலையணை அடுக்கி, தலை தாழ, இடுப்பு உயரக் குப்புறப் படுக்க வேண்டும். உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டினால் நுண்முடி செய்யாத வேலையைக் கை செய்யும். சளிக்கிருமி சேர்ந்தால் உடனே மருந்து. தூசு கூடாது.

பஸ்ஸில் திரும்பும்போது அத்திப்பள்ளி தாண்டியதும் அவர் வாயைத் திறந்தார். "வெளிய யாருக்கும் சொல்லாத வசந்தி."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் மலடி என்ற பேச்சைச் சுமந்தவள் நான். சுரண்டப்பட்டது என் வயிறு. இப்போது நான் தலை நிமிர ஒரு வார்த்தை கிடைத்திருக்கிறது, அதையும் விழுங்கச் சொல்கிறார். ஆனால் அவர் டாக்டர் சீட்டை நாலாக மடித்துப் பாக்கெட்டின் அடியில் திணித்துக்கொண்டிருந்தார். என்ன செய்வேன்?

"நான் சொல்ல மாட்டன். சொல்ல வேண்டியது நீங்க" என்றேன். "நீங்க வாய மூடிக்கிட்டு இருந்தா தையில இன்னொருத்தி வந்து எம் பக்கத்துல உக்காருவா. அவ வயித்தையும் சுரண்டுவாங்க. அதுவும் நம்ம மஞ்சுளா." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் முனியம்மா குடும்பத்தோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, பூ, பழம் வைத்த தட்டு. மஞ்சுளாவுக்குப் புடவை கட்டிவிட்டிருந்தார்கள். குனிந்த தலை நிமிரவில்லை. "வசந்தியும் சரின்னுதான் இருக்குது" என்று மாமியார் தாமாகவே சொல்லிக்கொண்டார். நான் அடுக்களை வாசலில் நின்று கணவரையே பார்த்தேன். அவர் தட்டிலிருந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவரை நான் வெறுத்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவில்லை. மஞ்சுளா ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "குடிங்க மாமா" என்று நீட்டினாள். அவள் கை நடுங்கியதில் தண்ணீர் சிந்தியது. அவர் அந்தக் கையையே பார்த்தார்.

"அக்கா, தட்ட எடுத்துக்க" என்றார்.

"என்னாடா பேசற?"

"கொழந்த பொறக்காதது என்னால. வசந்திகிட்ட ஒரு கொறையும் இல்ல. மஞ்சுளாவக் கட்டுனாலும் பொறக்காது. எனக்கு அணு நகராது. பொறவியிலயே அப்பிடி."

அவர் அக்கா புருஷன் எழுந்தே விட்டார். "மாப்ள, ஆம்பள பேசற பேச்சா இது?" முனியம்மா என் பக்கம் கையை நீட்டினார். "எல்லாம் இவ சொல்லிக் குடுத்தது! டாக்டருக்குக் காசு குடுத்தா என்னா வேணா எழுதுவான்."

என் கணவர் எழுந்து வந்தார். மாமியாரின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சின் வலது பக்கத்தில் வைத்தார். "இங்க பாரும்மா. எல்லாருக்கும் அந்தாண்ட இருக்கறது எனக்கு இந்தாண்ட இருக்குது. இருமலும் அதுதான், கொழந்த இல்லாததும் அதுதான்."

மாமியார் கையை எடுக்கவில்லை. "இதுல என்னாடா இருக்குது, ஆம்பளப் புள்ளைங்களுக்கு இந்தப் பக்கந்தான" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை.

"பால் குடுக்கறப்ப தெரியாதா எனக்கு? மூத்தவளுக்கு அந்தப் பக்கம் அடிச்சுது. ஒனக்கும் ஒனக்கு முன்ன போனவனுக்கும் இந்தப் பக்கம் அடிச்சுது. பொட்டப் புள்ளைக்கு ஒரு பக்கம், ஆம்பளைக்கு ஒரு பக்கம்னு நெனச்சன்."

அந்த வீட்டில் மாதேஷுக்கு முன்னால் ஒரு ஆண் குழந்தை பிறந்து, தவழ்கிற வயதில் இறந்துபோனது என்று எனக்குத் தெரியும். எப்படி என்று மாமியார் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார். "அவனும் இருமிக்கிட்டேதான் போனான். எம் பாலு சேரலன்னாங்க. எம் பாலுதான் கெட்ட பாலுன்னு உங்க அப்பனப் பெத்தவ எங்கிட்டயே சொன்னா. நானும் ஆமான்னு நெனச்சிக்கிட்டன்."

மாமியார் ஓவென்று அழுதார். அந்தப் பிள்ளைக்காக அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. முனியம்மாவும் தட்டை மறந்துவிட்டு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். மாமியார் என் மேல் எத்தனையோ பழி போட்ட மனுஷிதான். ஆனாலும் அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. நான் ஏழெட்டு வருடம் சுமந்ததை அவர் முப்பது வருடத்துக்கு மேல் சுமந்திருக்கிறார்.

தட்டு திரும்பிப் போனது. மஞ்சுளாவை அடுத்த வருடம் கிருஷ்ணகிரியில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்த்தார்கள். பிறகு அசலில்தான் கட்டிக்கொடுத்தார்கள். பேச்சு பரவத்தான் செய்தது. கம்பெனியில் சிலர் ஜாடையாகச் சிரித்தார்கள். ஒரு வாரம் அவர் கேன்டீனுக்கே போகவில்லை. பிறகு போனார். டாக்டர் சீட்டைக் காட்டிக் கேட்டதும் கிரைண்டிங்கிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

காலையில் முதுகு தட்டுவது என் வேலை. ஒரு நாள் மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இப்பிடித்தான?" என்று உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். அன்றிலிருந்து அவரும் தட்டினார். என்னிடம் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. "நீ போயி காபி குடி, நான் பாத்துக்கறன்" என்றார், அவ்வளவுதான். கொஞ்ச மாதத்தில் கணவர் கொல்லையில் நிற்கிற நேரம் குறைந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் குறைந்தது. இருமல் போகவில்லை. அது போகாது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. வேறொருவரின் விந்தணுவைச் செலுத்திக் கருத்தரிக்கும் வழியை டாக்டர் சொல்லியிருந்தார். "ஒனக்கு வேணும்னா சரி" என்றார் கணவர், வெகுநாள் யோசித்து. எனக்குத்தான் இன்னொரு தடவை அந்த மேஜையில் ஏறிப் படுக்கத் தெம்பில்லை. ஆசை இருந்தது. இன்றைக்கும் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட குழந்தையைப் பார்த்தால் இருக்கிறது. இப்போது நகராத அணுவையும் ஊசி வழியாகக் கருமுட்டைக்குள்ளேயே வைக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். உயிர் இருந்தால் போதுமாம். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பிள்ளைக்கும் இந்தப் பிழை போகுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முதலில் ஆணைப் பரிசோதியுங்கள், பிறகு பெண்ணின் வயிற்றில் கை வைக்கட்டும்.

அந்த மாசியில் எனக்கு வழக்கம்போல் தூரமானது. அதற்கு முன்னால் ஒவ்வொரு மாதமும் அந்தத் தேதி நெருங்கும்போதே நான் மெதுவாக நடப்பேன், தண்ணீர்க் குடம் தூக்கமாட்டேன், ஒரு நாள் தள்ளினால் உள்ளுக்குள் பெயர்கூட வைத்துவிடுவேன். வந்துவிட்டால் யார் முகத்திலும் விழிக்கமுடியாது. அன்று காலை துணியைப் பார்த்துவிட்டு, அழுகை வரும் என்று கொல்லையில் கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. அடிவயிறு இழுத்துப் பிடித்தது. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அது வெறும் வயிற்றுவலியாக இருந்தது. சூடாக ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். அடுத்து எப்போது என்று எண்ணவில்லை.